ஐந்தாம் நம்பர் கிரேன் நின்ற இடம்

துறைமுக ரயிலடியில் வேலை பார்த்தவர்களில் பட்டப்பெயர் இல்லாத ஆள் கிடையாது. கொடிக்காரருக்கு அது தொழிலோடு வந்தது. முப்பத்தோரு வருடம் ஒரு கையில் பச்சைக் கொடியும் மறு கையில் சிவப்புக் கொடியுமாகத் துறைமேடையில் நின்று, இன்ஜினை வா என்றும் போ என்றும் நில் என்றும் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். அவருடைய தங்கை புருஷனுக்கு வாய்த்த பெயர் மறதி. அது தொழிலோடு வந்ததல்ல. ஒரே ஒரு பகல்பொழுதில் நடந்ததால் வந்தது. அதைப் பற்றிக் கொடிக்காரர் சொன்ன ஒரு வார்த்தையால் நிலைத்தது.

அந்த விஷயத்தை இரண்டு குடும்பமும் பேசுவதில்லை. இருபத்திரண்டு வருடமாக ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டு, பிள்ளைகளின் கல்யாணங்களுக்கு ஓடியாடி உழைத்து, இதை மட்டும் கூடத்து நடுவில் கிடக்கும் கனத்த பீரோவைப் போலச் சுற்றிச் சுற்றி நடந்து பழகிவிட்டார்கள்.

கொடிக்காரர் ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் அவர் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினார். முன்னறையில் அந்த மெஷினை வைத்துக்கொண்டு தெருவுக்கே துணி தைத்துக் கொடுக்கிற பெண்மணி. காலையிலிருந்து எதிரே உட்கார்ந்து ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தால் தையல் கோணலாகப் போகிறது என்றும், உள்ளே மகள் அறை சும்மாதான் கிடக்கிறது, அங்கே போய் எதையாவது செய்துகொள்ளும்படியும் சொன்னார். மகள் கல்யாணமாகிப் போய் இரண்டு வருடமாகியிருந்தது. கட்டில் மட்டும் சுவரோரம் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

அவர் கடைத்தெருவுக்குப் போய் ஒரு சின்ன இன்ஜினும் நாலு வேகனும் கொஞ்சம் தண்டவாளமும் வாங்கி வந்தார். அசல் ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. அந்த அளவில் ஒரு மனுஷன் கட்டைவிரல் நக உயரந்தான் இருப்பான். கடைக்காரர் சொன்னபடி தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டி ஓட விட்டார். ரயில் சுற்றியது. மறுபடி சுற்றியது. பத்து நிமிஷத்துக்கு மேல் அவருக்குப் பொறுக்கவில்லை. எதையும் ஏற்றாமல், எதையும் இறக்காமல், எங்கேயும் நிற்காமல் ஒரு வண்டி சும்மா சுற்றிக்கொண்டிருப்பதை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. வட்டத்தைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தச்சரிடம் போய் இரண்டு பிளைவுட் பலகை அறுத்து வாங்கினார். தனக்குத் தெரிந்த ஒரே ரயிலடியை, தான் நின்ற அந்தத் துறைமேடையை, அப்படியே கட்டிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டார்.

அசலான துறைமேடை இப்போது இல்லை. அதை இடித்து, கன்டெய்னர் பெட்டிகள் ஏற்றிவரும் கப்பல்களுக்கான புது மேடை கட்டி ஏழெட்டு வருடம் ஆகிறது. கடைசி வருடங்களில் அவரும் புது மேடையில்தான் நின்றார். அளவெடுக்கப் போக இடமில்லாததால் பழைய வரைபடம் ஒன்றையும், துறைமுகத் தொழிலாளர் சங்கத்துச் சுவரில் தொங்கிய மூன்று புகைப்படங்களையும் வைத்துத் தொடங்கினார். மனைவியின் தையல் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக அந்த அறைக்குக் குடியேறியது. கப்பல் கயிற்றைக் கட்டுகிற இரும்புத் தூண்களுக்குச் சட்டைப் பொத்தான்கள், கிரேனின் உருளைக்குப் பாபின், இரும்பு ஏணிக்குக் கொண்டை ஊசிகள். கிரேன்களின் கால்களை உடைந்த குடைக் கம்பிகளில் செய்தார். தண்ணீருக்குத்தான் ஒரு மாதம் பிடித்தது. பலகைக்குக் கரும்பச்சை அடித்து, மேலே வார்னிஷ் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, ஏழு பூச்சுக்குப் பிறகு ஜன்னல் வெளிச்சம் அதில் விழுந்தபோது எண்ணெய் மிதக்கிற துறைமுகத் தண்ணீராகவே ஆகிப்போனது. மனைவி வந்து பார்த்துவிட்டு, நாற்றம் ஒன்றுதான் பாக்கி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மறதி வருவார். வேகன்களை ஒன்றோடொன்று பூட்டுகிற கப்ளிங் வேலையில் இருந்தவர். இடது கை மணிக்கட்டுக்குச் சற்று மேலேயே முடிந்துவிடும். சட்டையின் இடக்கையை மடித்து ஊக்குக் குத்தியிருப்பார். விபத்துக்குப் பிறகு துறைமுக வாசலில் லாரி எண் எழுதுகிற வேலைக்கு மாற்றினார்கள். அதிலேயே இருந்து போன வருடம் ஓய்வு பெற்றார். வந்ததும் செருப்பைக் கழற்றி ஜோடி சேர்த்து வைத்து, சேர்ந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்த்து, இன்னொரு தரமும் பார்த்து, அப்புறந்தான் உள்ளே வருவார். எதையும் மூன்று தடவை பார்ப்பது அவர் வழக்கம். அவர் ஆட்டி ஆட்டியே வீட்டுப் பூட்டு மூன்று மாற்றியாயிற்று என்று தங்கை சொல்வாள். அடுத்தவர் வீட்டுப் பூட்டானாலும் கடந்து போகும்போது ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் போவார்.

அறைக்குள் வந்தால் கண் நேராக மேஜைக்குப் போகும்.

"மச்சான், மூணாவது கிடங்குக்கு ஜன்னல் பதினொண்ணு. நீங்க பன்னெண்டு வெச்சிருக்கீங்க."

கொடிக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்துப் புகைப்படத்தில் எண்ணுவார். பதினொன்றுதான் இருக்கும். எடைமேடைக்குப் படி ஐந்து, தண்டவாளம் பிரியும் பாயிண்டை மாற்றும் கைப்பிடிக்கு மஞ்சள் வர்ணம், தண்ணீர்த் தொட்டியின் தெற்குக் காலில் ஒட்டுப் போட்ட தகடு என்று மறதி ஒவ்வொன்றாகச் சொல்வார். புகைப்படத்தில் இல்லாததையும் சொல்வார், அதுவும் சரியாகத்தான் இருக்கும். ஒரு வருடத்தில் அந்த மேஜையில் இருந்த துறைமுகத்தில் பாதி அவர் தலைக்குள்ளிருந்து இறங்கியது.

ஒருநாள் டீ கொண்டுவந்த கொடிக்காரரின் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "இவருக்குப் போய் மறதின்னு பேர் வெச்சாங்க பாரு" என்று சிரித்தார். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. மறதி ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு, சர்க்கரை இன்றைக்குச் சரியாக இருக்கிறது அண்ணி என்றார். கொடிக்காரர் ஜன்னல் வைத்த கிடங்குச் சுவரைக் கையில் எடுத்து, எந்த ஜன்னலைப் பிடுங்குவது என்று பார்க்கத் தொடங்கினார்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு நடந்தது இதுதான். இரண்டு வேகன்களுக்கு நடுவே ஆள் புகுந்து கப்ளிங்கைப் பூட்டும்போது இன்ஜின் அசையக் கூடாது. ஆள் வெளியே வந்துவிட்டானா என்று கொடிக்காரர் நடந்து போய்ப் பார்த்த பிறகே பச்சை காட்ட வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் இருந்தது. ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை யார் நடப்பது? குரல் கொடுத்தாலோ கிரேன் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. ஆகவே ரயிலடி தனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தது. உள்ளே போகிறவன் வேகனின் மூலைக் கொக்கியில் ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிட்டுப் போவான். வெளியே வந்ததும் எடுத்துவிடுவான். துணி தொங்குகிறவரை பச்சை கிடையாது. அந்த வழக்கத்தில் வருடக்கணக்காக ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அந்தப் பகல் பதினொரு மணிக்குக் கொடிக்காரர் தன் இடத்தில், மூன்றாவது கயிற்றுத் தூணருகே நின்று, இரண்டாவது தண்டவாளத்தில் நின்ற வேகன்களைப் பார்த்தார். துணி கண்ணில் படவில்லை. பச்சை காட்டினார். தங்கை புருஷன் உள்ளேதான் இருந்தார்.

விசாரணை பதினேழாம் நாள் நடந்தது. துணி தண்டவாளத்துக்கு நடுவில் சக்கர மையோடு கிடந்ததாக எழுதி வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவர், தொங்கவிட்டேன், வேகன் இடித்தபோது கழன்று விழுந்திருக்கும் என்று சொன்னதாகவும் இருந்தது. அதிகாரிகள் மூன்று பேர் கொடிக்காரரைத் தூணருகே நிறுத்தி, தாங்களும் நின்று பார்த்தார்கள். கொக்கி பளிச்சென்று தெரிந்தது. மூலையைப் பார்த்தீரா என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றார். துணி இருந்ததா என்று கேட்டார்கள்.

"இல்ல."

அவ்வளவுதான். துணியை மாட்ட மறந்து கையோடு உள்ளே கொண்டுபோனது ஊழியரின் கவனக்குறைவு என்று அறிக்கை வந்தது. பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

மேஜை கட்டி முடிகிற கட்டத்தில் சங்கத்துச் செயலாளர் வந்து பார்த்தார். வியந்துபோய், சங்கத்துக்குப் புதிதாகக் கட்டிய கூடத்தில் இதைத்தான் நடுவில் வைக்கப் போவதாகச் சொல்லி, திறப்பு நாளையும் சொல்லிவிட்டுப் போனார். ஐந்து வாரம் இருந்தது. கிரேன்களும் கப்பலும்தான் பாக்கி. கிரேன்களை வரைபடத்தில் கண்டபடி சம இடைவெளியில் நிறுத்தினார். கப்பலுக்கு அவர் யோசிக்கவே இல்லை. பச்சைப் புகைக்கூண்டு போட்ட ஒரு தானியக் கப்பல் அவர் மனசில் எப்போதும் நின்றுகொண்டிருந்தது. எத்தனையோ நூறு கப்பலில் அது மட்டும் ஏன் நின்றது என்று அவர் கேட்டுக்கொண்டதில்லை. அழகான கப்பல், அதனால் என்று நினைத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறதி வந்து கப்பலைப் பார்த்தார். புகைக்கூண்டின் மேல் விளிம்பில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக்கூடப் பார்த்தார்.

"இந்தக் கப்பல் ஒரே ஒரு தடவதான் வந்துச்சு மச்சான்" என்றார் பிறகு. "இது நிக்குதுன்னா அஞ்சாம் நம்பர் கிரேன் அங்க நிக்கக் கூடாது. அது அப்ப மோட்டார் எரிஞ்சு, மூணாவது கிடங்குக் கதவுக்கு நேரா அப்படியே நின்னுபோச்சு. மோட்டாரைக் கழட்டிக் கால்கிட்ட வெச்சு, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தாங்க. மூட்டை தூக்கறவங்க அதைச் சுத்திக்கிட்டுப் போறோமேன்னு திட்டிக்கிட்டே போவாங்க."

எந்த நாள் என்று அவரும் சொல்லவில்லை, கொடிக்காரரும் கேட்கவில்லை. ஜன்னல் கணக்குச் சொல்கிற அதே குரலில்தான் சொன்னார். டீயைக் குடித்துவிட்டு, செருப்பை மூன்று தடவை பார்த்துப் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் காலை கொடிக்காரர் ஐந்தாம் நம்பர் கிரேனைத் தள்ளி மூன்றாவது கிடங்குக் கதவுக்கு நேரே நிறுத்தினார். கால்களுக்கு ஒரு சொட்டுக் கோந்து வைத்தார். தீப்பெட்டித் துண்டில் ஒரு மோட்டார் செய்து, மனைவியிடம் கேட்டு வாங்கிய கருப்பு லைனிங் துணியில் தார்ப்பாய் வெட்டிப் போர்த்தினார். எதை வைத்தாலும் பிறகு குனிந்து, கன்னம் மேஜையில் படும்படி தலையைச் சாய்த்து, மூன்றாவது தூணருகே தன் பொம்மையாகக் கொடியோடு நிறுத்தியிருந்த குட்டி மனுஷனின் கண்ணிலிருந்து பார்ப்பது அவருக்குப் பிடித்தமான காரியம். அப்படிப் பார்க்கும்போது மேஜை மறைந்துபோகும், துறைமுகம் வந்துவிடும்.

பார்த்தார். கிரேனின் கால் தெரிந்தது. தார்ப்பாய் தெரிந்தது. இரண்டாவது தண்டவாளத்து வேகனின் மூலை தெரியவில்லை.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். வேகனை ஒரு விரல் அகலம் நகர்த்திப் பார்த்தார். பிறகு மெஷின் அறைக்குப் போய் ஒரு நூல்கண்டு எடுத்துவந்தார். நூலின் ஒரு முனையைக் குட்டி மனுஷனின் தலையில் ஒட்டி, மறுமுனையை வேகனின் கொக்கிக்கு இழுத்தார். நூல் போகவில்லை. தார்ப்பாயில் இடித்து வளைந்தது.

நூலைத் தளர்த்தி மறுபடி இழுத்தார், மறுபடி வளைந்தது.

பார்க்காமல் அவர் பச்சை காட்டியதே கிடையாது, அது சத்தியம். அன்றைக்கும் பார்த்தார். சிவப்பு கண்ணில் படவில்லை. சிவப்பு படவில்லை என்றால் துணி இல்லை என்று முப்பத்தோரு வருடமும் அவர் கண்ணுக்கும் கைக்கும் ஒப்பந்தம். மறைத்துக்கொண்டு ஒரு கிரேன் நின்றது என்பது கண்ணில் விழுந்தும் மனசில் விழவில்லை. எதையாவது இல்லை என்று பார்ப்பதும், எதையும் பார்க்க முடியாமல் இருப்பதும் ஒன்றல்ல என்று அந்த நொடியில் அவருக்குத் தோன்றவில்லை. விசாரணையிலும் தோன்றவில்லை. பதினேழாம் நாளுக்குள் கிரேன் பழுது நீங்கித் தன் இடத்துக்குப் போய்விட்டது. அதிகாரிகள் கண்டது வெட்டவெளி. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மையும் இல்லை.

அன்று சாயங்காலத்துக்குள் கோந்தைச் சுரண்டி, கிரேனை மூன்று சென்டிமீட்டர் மேற்கே தள்ளினார். நூல் நேராகப் போனது. மூன்று சென்டிமீட்டர். சங்கத்தில் வந்து பார்க்கிற எவனுக்குத் தெரியும்? தெரியக்கூடிய ஒரே ஆளுக்கு ஒரு கை இல்லை, ஊரில் மதிப்பும் இல்லை. இப்படி நினைத்ததும் அவருக்கே வாய் கசந்தது. அடுத்த ஞாயிறு உடம்பு சரியில்லை என்று தங்கை வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கடுத்த ஞாயிறும்.

மனைவிக்கு நூல்கண்டு வேண்டியிருந்தது. தேடிக்கொண்டு அறைக்கு வந்தவர் மேஜையில் கோந்துத் தழும்பையும், தள்ளி நின்ற கிரேனையும், இன்னும் எடுக்காத நூலையும் பார்த்தார். அவருக்கு ரயில் தெரியாது, தையல் தெரியும். பிரித்துத் தைத்த இடம் எது என்று துணியைப் பார்த்தவுடன் சொல்கிறவர்.

"எதைப் பிரிச்சீங்க?" என்றார்.

கொடிக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்து, ஆறுதலாக ஒரு வார்த்தை வருமா என்று முகத்தைப் பார்த்தார். மனைவி நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விபத்துக்குப் பிறகு ஆறு மாதமும் நாத்தனார் வீட்டுக்குத் தினமும் போய்க் கட்டு மாற்றிவிட்டு வந்தவர் அவர்தான். மாற்றும்போதெல்லாம் அந்த மனுஷன், நான் மாட்டினேன் அண்ணி, மாட்டினேன் அண்ணி என்று முனகுவாராம். பிறகு ஒருநாள் முனகுவதை நிறுத்திவிட்டாராம்.

"நான் ஆறுதலுக்குச் சொன்னேன், சரி விடுங்க, மறக்கறது மனுஷ சுபாவம்னு. அதைத்தான் நான் சொன்னேன் அந்த ஆள்கிட்ட." நூலை எடுத்துச் சுற்றத் தொடங்கினார். "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? போய் அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை தங்கையும் வந்தாள். முழங்கால் வலியால் அதிகம் வெளியே வராதவள், அண்ணன் தானே வந்து கூப்பிட்டதால் ஏதோ விசேஷம் என்று நல்ல புடவை கட்டி வந்திருந்தாள். கொடிக்காரர் அவர்களை மேஜைக்கு அழைத்துப் போனார். கிரேன் பழையபடி கிடங்குக் கதவுக்கு நேரே நின்றது. இந்த முறை கோந்து நன்றாகவே வைத்திருந்தார்.

"மாப்ளே, கொஞ்சம் குனிஞ்சு இங்கேர்ந்து பாருங்க" என்றார்.

மறதி வலது கையை மேஜை விளிம்பில் ஊன்றிக் குனிந்து, கன்னத்தைப் பலகையில் வைத்தார். அவர் ரயிலடியில் எத்தனையோ இடத்தில் நின்றிருக்கிறார். கொடிக்காரர் இடத்தில் நின்றதில்லை. கப்ளிங்காரனுக்கு அங்கே வேலையில்லை. வெகுநேரம் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

தங்கைக்குப் புரியவில்லை. அண்ணன் நூலை இழுத்துக் காட்டி, தனக்குத் தெரியவே தெரியாது, பார்த்திருக்கவே முடியாது, துணி அங்கே இருந்திருக்கும் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னபோது புரிந்தது. அவள் குரலை உயர்த்தவில்லை.

"தெரியலன்னு சொல்ல உனக்கு என்ன குறைஞ்சுது அண்ணா?"

அவர் கையிலிருந்த நூலைக் கீழே வைத்தார்.

"என் பையன் பள்ளிக்கூடத்துல பென்சிலைத் தொலைச்சா, மறதி பையன்தானேன்னு வாத்தியாரே சிரிப்பாரு. கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனா, தேதியாவது சரியாப் போட்டிருக்காரான்னு கேட்டாங்க. அப்பல்லாம் நீ பக்கத்துலதான் நின்னே. பார்த்தேன்னு சொல்றதுக்குப் பதிலா, பார்க்க முடியலன்னு சொல்லியிருந்தா போதும். அந்த ஒரு சொல்லு."

"நான் பார்த்ததாத்தாம்மா நினைச்சேன்."

"நினைச்சே" என்றாள் தங்கை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள். அங்கே அண்ணியோடு பேசுகிற சத்தம் எதுவும் கேட்கவில்லை. மெஷினும் ஓடவில்லை.

மறதி மெதுவாக நிமிர்ந்தார். பலகையின் விளிம்பு கன்னத்தில் கோடு போட்டிருந்தது.

"ஆஸ்பத்திரில என்கிட்ட ரெண்டு தடவ கேட்டாங்க, மாட்டினேன்னு சொன்னேன். மூணாவது தடவ வந்தப்ப, உங்க மச்சானே இல்லன்னு சொல்லிட்டாருன்னாங்க. நீங்க பொய் சொல்ற ஆள் இல்ல. அப்ப நான்தானே மறந்திருக்கணும்?" மடித்துக் குத்தியிருந்த சட்டைக் கையைப் பார்த்தார். "இடக்கையாலதான் மாட்டுவேன் மச்சான். வலக்கைல கப்ளிங் கம்பி இருக்கும். மாட்டினது அந்தக் கைக்குத்தான் ஞாபகம் இருந்திருக்கும். அதைத்தான் எடுத்துட்டாங்களே, வேற யாரைக் கேக்கறது?"

கொடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"படுத்துக்கிட்டு அந்த நாளையே எண்ணினேன். கப்பல், கிரேன், தார்ப்பாய், எல்லாம் வரும். துணிகிட்ட வந்தா மட்டும் கலங்கிப்போகும். அப்புறம் வெளிய வந்து எல்லாத்தையும் எண்ண ஆரம்பிச்சேன். ஜன்னலு, படி, லாரி நம்பரு. மறதிக்காரன்னா இதெல்லாம் நிக்குமான்னு பார்க்கறதுக்கு. எல்லாம் நின்னுச்சு. ஆனா பூட்டைப் பூட்டிட்டு நாலு அடி வெச்சா, பூட்டினியா நீன்னு உள்ளேர்ந்து ஒருத்தன் கேப்பான். அவன் குரல் உங்க குரல் மாதிரியே இருக்கும்."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. படி ஐந்து, ஜன்னல் பதினொன்று என்பது போலவே சொன்னார். கொடிக்காரருக்கு ஒரு அடி வாங்கியிருந்தால் தேவலை போலிருந்தது. மன்னிப்பு என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். மறதி மேஜையைப் பார்த்தபடியே கையமர்த்தினார்.

"அந்தப் பொம்மைக்குத் தொப்பி இல்ல மச்சான். நீங்க அன்னிக்குத் தொப்பி போட்டிருந்தீங்க" என்றார்.

திறப்பு நாளுக்கு இருந்த பத்து நாளும் தங்கை அண்ணனோடு பேசவில்லை. கொடிக்காரர் பொம்மைக்குத் தொப்பி வைத்தார். மேஜையை நாலு துண்டாகப் பிரித்து வண்டியில் ஏற்றிக் கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பூட்டினார். ஐந்தாம் நம்பர் கிரேனை மட்டும் வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு போனார்.

கூடத்தில் ஐம்பது பேருக்குமேல் வந்திருந்தார்கள். எல்லாம் நரைத்த தலைகள். கிரேன் ஓட்டியவர்கள், மூட்டை எண்ணியவர்கள், எடை போட்டவர்கள். மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்து, இங்கேதான் நான் விழுந்தேன், இங்கேதான் நாம் சீட்டு விளையாடினோம் என்று ஒரே கூச்சல். செயலாளர் நாலு வார்த்தை புகழ்ந்து பேசி, கட்டியவரைப் பேச அழைத்தார். கொடிக்காரர் நன்றி சொல்வார் என்று எல்லோரும் கையைத் தட்டத் தயாராக இருந்தார்கள்.

அவர் சட்டைப்பையிலிருந்து நூல்கண்டை எடுத்தார். எந்த நாள், எந்தக் கப்பல், கிரேன் எங்கே நின்றது, தான் நின்ற இடம் எது என்று சொன்னார். நூலை இழுத்துக் காட்டினார். அன்று பார்த்தேன் என்று சொன்னது தவறு, பார்க்கவே முடியாது, துணி மாட்டப்பட்டுத்தான் இருந்தது என்றார். விதிப்படி நடந்து போய்ப் பார்க்காதது தன் குற்றம் என்றும் சொன்னார். அதைத்தான் சங்கத்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பதாகவும், வேண்டியவர்கள் படித்துக்கொள்ளலாம் என்றும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை. பழைய விஷயத்தை இப்போது எதற்கு என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார்.

அன்றைக்கு இன்ஜினை ஓட்டிய டிரைவர்தான் முதலில் எழுந்து வந்தார். எண்பது வயது, கோல் ஊன்றி நடக்கிறவர். கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, மேஜையைப் பிடித்துக் குனிந்து பார்த்தார். நிமிர இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது.

"ஆமாம். மறைக்குது" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். முட்டி மடங்காதவர்கள், முதுகு வளையாதவர்கள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டவர்கள், எல்லோரும் ஒருமுறை கன்னத்தைப் பலகையில் வைத்துப் பார்த்துவிட்டு, மறதி உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தாண்டும்போது அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். முணுமுணுத்தவரும் கடைசியில் வந்தார்.

செயலாளருக்கு அந்த மௌனத்தை எப்படியாவது முடிக்க வேண்டியிருந்தது. "மறதி அண்ணே, நீங்க ஒரு வார்த்தை..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"விடுங்க தம்பி" என்றார் மறதி. "இந்த வயசுல புதுப் பேர் வெச்சுக் கூப்பிட்டா நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்."

அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். அவர் எழுந்து கொடிக்காரரின் மனைவியிடம் வந்து, சிவப்பு நூல் இருக்கிறதா அண்ணி என்று கேட்டார். அந்தப் பெண்மணியின் பையில் எந்த நிறமும் இருக்கும். ஒரு முழம் அறுத்துக் கொடுத்தார். மறதி மேஜையருகே போய் இரண்டாவது தண்டவாளத்து வேகனின் முன் நின்றார். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை வலது கையால் அந்தக் கொக்கியில் சுற்றினார். கொடிக்காரரின் கை உதவப் போய், பாதியில் நின்றது. முடிச்சு விழக் கொஞ்சம் நேரமாயிற்று. மீதி நூலைப் பல்லாலேயே அறுத்தார். கொக்கியில் ஒரு நெல் நீளத்துக்குச் சிவப்பாகத் தொங்கியது.

வாசலருகே தங்கை நின்றுகொண்டிருந்தாள். கூட்டம் கலைந்து வெளியே போனது. செயலாளர் விளக்குகளை அணைத்து, கதவைச் சாத்தி, புதுப் பூட்டைப் போட்டார். தங்கை நின்ற இடத்திலேயே நின்று, புருஷன் வந்து அந்தப் பூட்டை ஆட்டுவதற்கு வழிவிட்டு ஒதுங்கினாள். இத்தனை வருடப் பழக்கம். கொடிக்காரரும் ஒதுங்கினார்.

மறதி அவர்கள் இருவரையும் தாண்டி, டிரைவரின் கையைப் பிடித்துப் படியிறக்கிக்கொண்டே போய்விட்டார். தெருவில் இறங்கிய பிறகும் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கை பூட்டைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். பிறகு, பத்து நாளில் முதல்முறையாக அண்ணன் பக்கம் திரும்பி, "முட்டி வலிக்குது, கையைக் கொடு" என்றாள்.